"அழகிய வீடு விற்பனைக்கு" என்று போட்டால் ஏன் தரகர் மட்டும் வருகிறார்?

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். கொக்குவில் கிழக்கில் அம்மாவின் சீதன வீடு இருக்கிறது. காணி அளவு 2 பரப்பு 9 குழி. பழைய ஓட்டு வீடு, திருத்தி வைத்திருக்கிறோம். மச்சான் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு முன் பேஸ்புக்கிலும் ஒரு பத்திரிகையிலும் இப்படிப் போட்டோம்: "யாழ் நகருக்கு மிக அருகில் சகல வசதிகளும் கொண்ட அழகிய, அமைதியான, காற்றோட்டமான வீடு விற்பனைக்கு. விலை பேசித் தீர்மானிக்கலாம். உண்மையில் வாங்க விரும்புவோர் மட்டும் தொடர்புகொள்ளவும்." வந்த அழைப்பெல்லாம் தரகர்கள். இரண்டு பேர் எங்கள் படங்களையே எடுத்துத் தங்கள் விலையில் போட்டும் விட்டார்கள். எங்கே பிழைத்தது? எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் 18 வருடம் இருந்தவன். வீடு, காணி, மணமகன், மரண அறிவித்தல், காணாமற்போன மாடு வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் விளம்பரத்தைப் போல ஒரு நாளைக்கு நாலு என் மேசைக்கு வரும். பெயரை மாற்றினால் அரியாலை வீட்டுக்கும் பொருந்தும், மானிப்பாய் வீட்டுக்கும் பொருந்தும். வாங்க நினைப்பவர் அதை வாசித்து முடித்தபின் அவருக்குப் புதிதாகத் தெரிந்தது உங்கள் தொலைபேசி இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கத்தை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர் தரகர். அதனால் அவர் எடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே. எந்த இடம்? எத்தனை பரப்பு? உறுதி (உரிமைப் பத்திரம்) சரியா? தண்ணி எப்படி? ஒழுங்கைக்குள் (சிறு தெருவுக்குள்) வான் வண்டி வருமா? மாரிக்கு வெள்ளம் நிற்குமா? என்ன விலை? வீடு வடிவா இருக்கிறதா என்று தொலைபேசியில் ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை அவர் வந்து தன் கண்ணால் பார்த்துக்கொள்வார். ஆகவே வீட்டைப் புகழ்வதை விட்டுவிட்டு, இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விபரம்.

முதலில் உங்கள் சொற்களை ஒவ்வொன்றாக எடுப்போம். "யாழ் நகருக்கு மிக அருகில்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையில் காணி, வீடு பகுதியைப் பார்ப்பவர் ஊர்ப் பெயரைத்தான் விரலால் தேடிக்கொண்டு போவார். கொக்குவிலில் வாங்க நினைத்திருப்பவர் "யாழ் நகருக்கு" என்று தொடங்கும் வரியைத் தாண்டிவிடுவார். விளம்பரத்தின் முதற்சொல் "கொக்குவில் கிழக்கு" என்றுதான் இருக்க வேண்டும். பேஸ்புக்கிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் தேடுகிறவர்களும் ஊர்ப் பெயரைத்தான் அடிக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களில் பலர் கொகுவில் என்றும், இங்கிலீஷ் எழுத்திலும் தேடுவதால், இணையத்தில் போடும்போது ஊர்ப் பெயரை இரண்டு எழுத்திலும் போடுங்கள்.

"சகல வசதிகளும்" என்பதை வாசித்தவுடன் எனக்கு வரும் சந்தேகம், ஏதோ ஒரு வசதி இல்லை என்பது. "அமைதியான" என்றால் ஒழுங்கை நீளம் என்று எடுப்பார்கள். "காற்றோட்டமான" என்பதில் பிழை இல்லை, ஆனால் சொல் ஒன்றுக்குக் காசு கட்டும் பத்திரிகையில் அந்த இடத்தில் "தனிக் கிணறு" என்று போட்டிருக்கலாம். "உண்மையில் வாங்க விரும்புவோர் மட்டும்" என்ற வரியைப் பார்த்து எந்தத் தரகரும் திரும்பிப் போனதில்லை. நல்ல மனிதர் ஒருவர் மட்டும், "இப்பவே வாங்கு என்று நெருக்குவார்களோ" என்று யோசித்து விட்டுவிடுவார்.

விலை பற்றிப் பிறகு சொல்கிறேன். அது கொஞ்சம் நீளம்.

எழுதத் தொடங்குமுன் நீங்கள் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் விற்பது வீடா, அல்லது வீடு நிற்கும் காணியா? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. நம் ஊரில் விலை பரப்புக் கணக்கில்தான் கதைக்கப்படும். வீடு பழையது என்றால் வாங்குகிறவர் மனதுக்குள் காணியை மட்டும் விலை போட்டு, வீட்டை இடிக்கிற செலவையும் உங்கள் தலையில் கழிப்பார். நீங்களோ அம்மா கலியாணம் கட்டிப் புகுந்த வீடு என்ற நினைவில் இருப்பீர்கள். இந்த இரண்டு கணக்கும் ஒரு மேசையில் சந்திக்காது.

திருத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் நாளைக்கே ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கலாம் என்பதை விளம்பரம் காட்ட வேண்டும். கூரை எந்த ஆண்டு மாற்றியது, மின்கம்பி புதிதாக இழுத்ததா, மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் வேலை செய்கின்றனவா, குளியலறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று எழுதுங்கள். கதவு யன்னல் முதிரை என்றால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள், இன்றைக்கு அந்த மரத்துக்கு எங்கே போவது? கூரையில் வைரப் பனை வளை இருந்து கறையான் தட்டவில்லை என்றால் அதுவும் ஒரு வரி. மாறாக, வீடு உண்மையில் இடிக்கத்தான் சரி என்றால் கூச்சப்படாமல் "பழைய வீட்டுடன் காணி" என்று தலைப்பைப் போடுங்கள். அப்போது வேறு ஆட்கள் வருவார்கள், வேறு கணக்கோடு வருவார்கள், ஆனால் ஏமாந்து திரும்பமாட்டார்கள்.

இனி அளவு. 2 பரப்பு 9 குழி என்று நீங்கள் எனக்குச் சொன்னதை விளம்பரத்தில் சொல்லவில்லை! 18 குழி ஒரு பரப்பு என்பதால் உங்களுடையது சரியாக இரண்டரைப் பரப்பு. யாழ்ப்பாணத்தாருக்கு அது போதும். கொழும்பில் இருந்து வாங்குகிறவருக்குப் பரப்பு பிடிபடாது, பேர்ச்சஸ் சொல்ல வேண்டும். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், ஆகவே 25 பேர்ச்சஸ். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை தகப்பனுக்காகத் தேடுகிறது என்றால் சதுர அடிதான் விளங்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி, உங்கள் வளவு 6,800 சதுர அடிக்குச் சற்றுக் கூட. பத்திரிகையில் பரப்பும் குழியும் போதும். இணையத்தில் மூன்றையும் போடுங்கள். உறுதியில் லாச்சம் என்ற பழைய அளவில் எழுதியிருந்தால் விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் போட்டுக் குழப்ப வேண்டாம், நில அளவைப் படத்தில் உள்ள அளவைப் போடுங்கள். பழைய உறுதிக்கும் புதிய படத்துக்கும் இடையில் அரைக் குழி, ஒரு குழி வித்தியாசம் வருவது சாதாரணம். வேலி நகர்ந்த ஊர் இது. படம் பழையது என்றால் விளம்பரத்துக்கு முன் ஒரு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். விலை பேசி முடிந்தபிறகு ஒரு குழி குறைந்தால் அந்தக் கதை குழியோடு நிற்காது.

உறுதி பற்றி இரண்டு சொல் விளம்பரத்தில் வந்தால் போதும். ஆனால் அந்த இரண்டு சொல்லை எழுத வீட்டுக்குள் கொஞ்சம் வேலை இருக்கிறது. சீதன வீடு என்கிறீர்கள். சீதன உறுதி அம்மாவின் பெயரில் முழுக் காணிக்கும் இருக்கிறதா, அல்லது பிரிக்கப்படாத பங்குக்கா? பங்கு என்றால் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், குறுக்கே வரும். 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த அந்த வழமைதான் இன்றைக்கும் நமக்குச் சட்டம். பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, அதற்கென்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இருக்கிறது. வெளியாருக்குச் சொல்லுமுன் உள்ளாருக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு வீட்டு விளம்பரத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். காலையில் பத்திரிகை வந்தது, பத்து மணிக்கு விற்பவரின் ஒன்றுவிட்ட தம்பி சைக்கிளில் பத்திரிகையோடு வந்து இறங்கினார். "இதைப் பேப்பரில பாத்துத்தான் நான் அறிய வேணுமோ" என்று கேட்டார். நல்ல விலைக்கு வந்த ஆள் அந்தச் சத்தத்தைக் கேள்விப்பட்டு விலகிவிட்டார். ஆகவே விளம்பரத்துக்கு முன் மாமா, பெரியம்மா வழிகளுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். சட்டத்துக்கு மட்டும் இல்லை, அவர்களில் ஒருவரே வாங்கவும் கூடும்.

அப்பா இருக்கிறார் என்றால் இன்னொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மச்சான் கையெழுத்து வைக்கப் போகிறார் என்றால் அற்றோணித் தத்துவம் (அம்மா சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) முறையாக முடித்திருக்க வேண்டும். உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது என்றால், 1995க்குப் பிறகு அப்படி எத்தனையோ பேர், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். சோலைவரி (வீட்டு வரி) கட்டின பற்றுச்சீட்டையும் தேடி எடுத்து வையுங்கள். இவ்வளவும் சரி என்று உறுதி எழுதும் உங்கள் நொத்தாரிசு சொன்னபின் "உறுதி, படம் தயார்" என்று எழுதுங்கள். அந்தச் சொற்களை வாங்குகிறவர் நம்புவார். எழுதிவிட்டு அவர் வந்து கேட்கும்போது "மச்சான் பிரதி எடுக்கக் கச்சேரிக்குப் போயிருக்கிறார்" என்றால் அவர் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார்.

உறுதியின் படத்தையோ அதன் இலக்கத்தையோ இணையத்தில் போடவே போடாதீர்கள். உரிமையாளர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற வரியையும் போடாதீர்கள். கள்ள உறுதி முடிக்கிறவனுக்கும் ஓடு பிரிக்கிறவனுக்கும் அது அழைப்பிதழ். விலை குறைத்துக் கேட்கிறவனுக்கும்தான்: "வெளிநாட்டுக்காரர், அவசரமாத் தள்ளப் பாக்கினம்" என்று எண்ணிக்கொண்டுதான் வருவான்.

தண்ணீர். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. வற்றாத ஆறு இல்லாத ஊர். சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறோம். ஒரு ஒழுங்கையில் நல்ல தண்ணீர், அடுத்த ஒழுங்கையில் சவர் (உப்புத் தண்ணீர்). அதனால் "கிணறு உண்டு" என்பது அரைத் தகவல். தனிக் கிணறா, பங்குக் கிணறா? பழைய உறுதிகளில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று வரும், அப்படி இருந்தால் எத்தனை வீட்டுக்குப் பங்கு என்று எழுதுங்கள். குடிக்கலாமா, குளிக்க மட்டுமா? ஆவணி, புரட்டாதியில் வற்றுமா? 2010களின் நடுவில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு வலிகாமத்தில் வீடு பார்க்கிறவர் வாளியைப் போட்டு அள்ளி மணந்து பார்க்காமல் போவதில்லை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம். அந்த அறிக்கை கையில் இருந்தால் "கிணற்றுத் தண்ணீர் பரிசோதித்த அறிக்கை உண்டு" என்ற ஒரு வரி, "அழகிய" என்ற சொல் நூறுக்குச் சமம். குழாய்த் தண்ணீர் இணைப்பு இருந்தால் அதுவும் தனியாகச் சொல்ல வேண்டியது.

ஒழுங்கை. அகலத்தை அடியில் எழுதுங்கள். "வாகனம் வரக்கூடிய பாதை" என்று எழுதுவார்கள், சைக்கிளும் வாகனம்தான். 12 அடி என்றால் 12 அடி. பொது ஒழுங்கையா, தனியார் கையொழுங்கையா என்பதும் வேண்டும். பிரதான வீதியில் இருந்து எத்தனை மீற்றர், முடக்கு இருந்தால் வான் திரும்புமா? மணல் லொறி உள்ளே வர முடியாத ஒழுங்கை என்றால், மேல்மாடி கட்ட நினைப்பவர் அங்கே வாங்கமாட்டார். இதை முதலே சொல்லிவிட்டால் அவருக்கும் உங்கள் மச்சானுக்கும் ஒரு பின்னேரம் மிச்சம்.

அதேபோல "பாடசாலைக்கு அருகில்" என்பதை விட்டு, எந்தப் பாடசாலை, எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். முதலாம் வகுப்பு அனுமதிக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் கணக்கில் எடுபடுவதால் இளம் பெற்றோர் இந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார்கள். ஆனால் அனுமதி கிடைக்கும் என்று எழுதிவிடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பது இன்னொரு ஆளுக்கு முக்கியம்: இரண்டு அறையை மாணவருக்கு வாடகைக்கு விட நினைப்பவருக்கு.

குறை ஒன்றையாவது எழுதுங்கள். இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நல்லதையே எழுதிய விளம்பரத்தை வாசிப்பவர் ஒளித்ததைத் தேடுவார். "குசினி பழையது, திருத்த வேண்டும்" என்று நீங்களே எழுதிவிட்டால் மற்ற வரிகளை அவர் நம்பத் தொடங்குவார். கார்த்திகை மாரிக்கு முற்றத்தில் தண்ணீர் நின்று ஒரு நாளில் வடியும் என்றால் அப்படியே சொல்லலாம். எப்படியும் பக்கத்து வீட்டு அம்மா படலையில் வைத்துச் சொல்லத்தான் போகிறார்.

எழுதக்கூடாத ஒன்றும் இருக்கிறது. "நல்ல குடிகள் வாழும் அயல்", "சைவர்களுக்கு உகந்தது" என்று போடச் சொல்லிப் பலர் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதுபவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். நான் போட மறுத்துச் சண்டை பிடித்ததும் உண்டு, மேலிடத்தில் சொன்னதால் போட்டதும் உண்டு. வெட்கக்கேடு என்பது ஒருபக்கம். காசு தரக்கூடிய நாலு பேரில் இரண்டு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வரி அது என்பது இன்னொரு பக்கம். வாசல் கிழக்கா வடக்கா என்பதை மட்டும் எழுதுங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அதைக் கேட்பவர் இங்கே அதிகம்.

சரி, விலை. போடுங்கள். "விலை பேசித் தீர்மானிக்கலாம்" என்ற வரிதான் தரகர் உங்கள் படத்தை எடுத்துத் தன் விலையில் போட இடம் கொடுத்தது. நீங்கள் விலை சொல்லாத வீட்டுக்கு யார் சொல்வதும் விலைதான். நீங்கள் ஒரு எண்ணைப் போட்டிருந்தால், அதைவிடக் கூட்டிப் போட்ட தரகர் வாசிப்பவர் கண்ணில் பிடிபட்டிருப்பார்.

என்ன எண் என்று நான் இங்கிருந்து சொல்லமுடியாது. வழி சொல்லலாம். அதே ஊரில், அதே அளவு ஒழுங்கையில், கடந்த ஒரு வருடத்துக்குள் உறுதி முடிந்த இரண்டு மூன்று காணிகள் பரப்பு என்ன விலைக்குப் போயின என்று மச்சானை விசாரிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அது ஆசை. போன விலை வேறு. அதற்கு மேல் வீட்டின் பெறுமதியை ஒரு மதிப்பீட்டாளர் அல்லது நீங்கள் நம்பும் கட்டடக்காரர் சொல்லட்டும். பிறகு பேரம் பேச ஒரு சின்ன இடம் விட்டு மொத்த விலையைப் போடுங்கள். பரப்புக்கு இவ்வளவு என்று போட்டால் வீடு இலவசம் என்று ஆகிவிடும். இலட்சத்தில் எழுதுங்கள். மில்லியன் என்று எழுதினால் இங்கே இருப்பவர் ஒரு நிமிடம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். டொலரில் எழுதுவது அதைவிட மோசம், உங்கள் வீடு கனடாவில் இல்லை.

வெளிநாட்டில் இருந்து வாங்குவோரை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ஒரு சட்டம் ஞாபகத்தில் இருக்கட்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்களுக்குப் பொதுவாக இலங்கையில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. விளம்பரத்தில் இதை எழுத வேண்டாம், ஆனால் அழைப்பு வந்தவுடன் மச்சான் கேட்க வேண்டிய கேள்வி "யார் பெயரில் எழுதப் போறியள்?" என்பது. ஆறு மாதம் கதைத்துவிட்டு நொத்தாரிசு மேசையில் இது தெரியவந்த கதைகள் இருக்கின்றன.

இப்போது உங்கள் வீட்டுக்கு நான் எழுதுவது. நீங்கள் சொல்லாத விபரங்களை உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன், உண்மையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு:

"கொக்குவில் கிழக்கு: 2 பரப்பு 9 குழி உறுதிக் காணியில் 3 அறை ஓட்டு வீடு. உடன் குடியேறலாம். தனிக் கிணறு, நல்ல தண்ணீர். 12 அடி ஒழுங்கை, கே.கே.எஸ். வீதிக்கு 200 மீற்றர். குசினி திருத்த வேண்டும். உறுதி, படம் தயார். விலை … இலட்சம். மாலை 4 முதல் 7 வரை அழைக்கவும்."

இணையத்துக்கு இடம் தாராளம் என்பதற்காகப் பத்தி பத்தியாக நீட்ட வேண்டாம். இப்படிப் போகலாம்:

"கொக்குவில் கிழக்கில் வீடு, … இலட்சம். வளவு 2 பரப்பு 9 குழி (25 பேர்ச்சஸ், சுமார் 6,800 சதுர அடி), நாலு பக்கமும் மதில். கிழக்கு வாசல். 3 அறை, ஹோல், முன் விறாந்தை, குசினி, உள்ளே ஒரு குளியலறை, கிணத்தடியில் இன்னொன்று. கூரைச் சிலாகையும் ஓடும் 2019இல் மாற்றியவை. கதவு, யன்னல் முதிரை. தனிக் கிணறு, புரட்டாதியிலும் வற்றாது, குடிக்கலாம், தண்ணீர் அறிக்கை உண்டு. இரண்டு மா, மூன்று தென்னை, ஒரு பலா. ஒழுங்கை 12 அடி, வான் கேற்றடிக்கு வரும், பெரிய லொறி வராது. பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் 10 நிமிடம். குசினி பழையது, புகைக்கூடு இடித்துக் கட்ட வேண்டும். உறுதி அம்மாவின் பெயரில், நில அளவைப் படம் புதிது, வங்கிக் கடன் இல்லை. சனி, ஞாயிறு பார்க்கலாம், வருமுன் அழைக்கவும்."

பாருங்கள், இதில் ஒரு புகழ்ச்சிச் சொல் இல்லை. ஆனால் வாசித்து முடித்தவர் அந்தக் கிணத்தடியில் ஒருமுறை நின்றுவிட்டு வந்திருப்பார்.

படங்களுக்கு வருவோம். முதற்படம் ஒழுங்கையில் நின்று கேற்றோடு எடுத்தது, வருகிறவருக்கு அடையாளம் தெரியும். பிறகு முன் விறாந்தை, ஹோல், ஒரு அறை, குசினி, குளியலறை, கிணறு, பின் வளவு. பத்துப் படம் தாராளம். காலை எட்டு மணிக்குள் எடுத்தால் ஓட்டு நிறம் நன்றாக விழும், மத்தியான வெயிலில் எல்லாம் வெளிறிப் போகும். உடுப்புக் கொடியைக் கழற்றச் சொல்லுங்கள், முற்றம் கூட்டச் சொல்லுங்கள். சாமியறையையும் சுவரில் மாட்டிய அப்பப்பாவின் மாலை போட்ட படத்தையும் எடுக்க வேண்டாம். அது உங்கள் வீடு என்று சொல்லும், வாங்குகிறவருக்கு அது தன் வீடாகத் தெரிய வேண்டும். குசினியின் படத்தை ஒளிக்காதீர்கள். நீங்களே எழுதிய குறையல்லவா. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து எடுத்த ஒரு படம், தண்ணீர் மட்டம் தெரிய, அதிகம் பேர் பெரிதாக்கிப் பார்ப்பது அதைத்தான். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் உங்கள் தொலைபேசி இலக்கத்தை மங்கலாகப் பதித்துவிடுங்கள். ஓரத்தில் போட்டால் தரகர் வெட்டிவிடுவார்.

எப்போது போடுவது? நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊர் நிறைய வெளிநாட்டுச் சனம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது. கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் இணையத்தில் வந்துவிட்டால், அவர்கள் அங்கே இருந்து பார்த்துவிட்டு இங்கே வந்து நேரில் பார்ப்பார்கள். ஆடிக்குள் முற்பணம் கொடுக்கப் பலர் விரும்பமாட்டார்கள், அதற்காகப் பதறி விலையை இறக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும். மார்கழியும் அப்படித்தான். உள்ளூர் ஆட்களுக்குத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம், மாரி முடிந்து வளவும் பச்சையாக இருக்கும். பத்திரிகையில் ஞாயிறு ஒன்று, இரண்டு கிழமை விட்டு இன்னொன்று போதும். கிழமைக்குக் கிழமை வந்தால் "இன்னும் போகேல்லையோ, என்ன வில்லங்கமோ" என்று கதைப்பார்கள்.

அழைப்பை எடுப்பது மச்சான் என்பதால் அவர் நேரத்தைத்தான் போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாலை நாலு மணி என்றால் கோடையில் உங்களுக்குக் காலை ஆறரை, ஆகவே அவர் தெரியாததை உங்களிடம் உடனே கேட்டும் சொல்லலாம். ஒரு தாளில் பரப்பு, குழி, வீட்டின் சதுர அடி, கட்டிய ஆண்டு, கிணறு, ஒழுங்கை, யார் பெயரில் உறுதி, எப்போது கையளிக்கலாம் என்று எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். "கடைசி விலை என்ன?" என்று பார்க்காமலே கேட்பவருக்கு ஒரே பதில்: "வந்து பாருங்கோ, பிறகு கதைப்பம்." யார் எப்போது எடுத்தார், என்ன கேட்டார் என்று ஒரு கொப்பியில் குறிக்கட்டும். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டால் அந்த விடை விளம்பரத்தில் இல்லை என்று அர்த்தம், அன்றே சேர்த்துவிடலாம்.

தரகர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல தரகர் ஒருவர் அயலை அறிவார், வீண் ஆட்களை வடிகட்டுவார். அப்படி வைத்தால் ஒருவரையே வையுங்கள், கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று விலை ஊரில் உலவும்.

கடைசியாக, புதிய விளம்பரத்தைப் போடுமுன் பழையதை எடுக்க வேண்டும். உங்கள் பழைய பேஸ்புக் பதிவை அழியுங்கள். அந்த இரண்டு தரகர்களுக்கும் மச்சான் நேரடியாக அழைப்பு எடுத்து, படத்தை நீக்கச் சொல்லட்டும். கேட்காவிட்டால் அந்தப் பதிவுகளின் கீழேயே "இந்த வீட்டை இவர் விற்கவில்லை, உரிமையாளரின் இலக்கம் இது" என்று ஒரு வரி போட்டால் போதும், அன்றைக்கே காணாமற் போய்விடும். பிறகு ஒரு பத்து நாள் பொறுத்து, புதுப் படங்களோடு தொடங்குங்கள்.